சுற்றிப் பார்க்க வந்தவள்

மேதை என்றுதான் அவள் தன் புருஷனை மனசுக்குள் கூப்பிடுவாள். வெளியே "என்னங்க" மட்டும். கல்யாணமான புதிதில் அந்தப் பட்டத்தைப் பெருமையாகத்தான் கொடுத்தாள். அது எப்போது கிண்டலாகத் திரிந்தது என்று அவளுக்கே தெரியாது. பால் மாதிரிதான், பார்க்கும்போது திரிந்திருந்தது.

மேதைக்கு வீட்டிலேயே வேலை. வேறொரு நாட்டில் டைல்ஸ் விற்கிற கம்பெனி ஒன்றின் குடோனுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தான். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எது லாரியில் ஏறிவிட்டது என்று காட்டும். படுக்கையறை மூலையில் ஒரு மேஜை. வீடியோவில் அந்தக் கம்பெனி முதலாளி வந்தால் மேதைக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வெளுத்துப்போன அரைக்கால் டவுசர். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவான். ஆனால் ஹால் வரைக்கும் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் அந்தச் சத்தம்.

"நான் ஒரு நாள் லாப்டாப்ப மூடி வெச்சேன்னு வை, அங்க ஒரு லாரி நகராது" என்பான், சாப்பிட உட்கார்ந்ததும்.

அவள் பல் கட்டிக் கொடுக்கிற லேபில் வேலை பார்ப்பவள். முகம் தெரியாதவர்களின் ஈறுகளை அச்சில் பார்த்து, அதற்கு ஏற்ற பல்லை இழைத்துக் கொடுப்பாள். பல் மயிரிழை உயர்ந்தாலும் மாட்டிக்கொண்டவருக்குச் சோறு இறங்காது. அதற்காக அவள் என்றைக்கும் நான் இல்லாவிட்டால் ஊரே பட்டினி என்று சொல்லிக்கொண்டதில்லை.

குடோனுக்குப் புதுக் கருவிகள் வந்து இறங்கின. பெட்டிமேல் இருக்கும் கோடுகளைப் படிக்கிற கருவிகள். அவற்றை சாஃப்ட்வேரோடு சேர்த்துவிட மேதை நேரில் வந்தால் நல்லது என்றான் முதலாளி.

"வேலை பர்மிட்டுக்கு அலைஞ்சா மாசக்கணக்கா ஆகும். டூரிஸ்டா வந்துடுங்க. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வாங்க, பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வராது."

கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் காதிலும் அது விழுந்தது. பொண்டாட்டி எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. பெட்டிக்கு உறை போடுகிற மாதிரி.

டிராவல்ஸ் வைத்திருக்கும் அவள் அண்ணன்தான் டிக்கெட் போட்டான். விஷயம் தெரிந்ததும் தயங்கினான்.

"மாப்பிள்ளை, உக்காந்து பேசிட்டு வர்றதுன்னா பிரச்சினை இல்ல. கை வெச்சு வேலை செய்யப் போறீங்கன்னா பர்மிட் கேப்பாங்க. கொஞ்சம் பொறுத்துப் போலாமே?"

"மச்சான், அதெல்லாம் பெட்டி தூக்கறவங்களுக்கு. என்ன மாதிரி ஆளுங்கள யாரு நிறுத்துவா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "பர்மிட் வாங்கிட்டே போலாங்க. நமக்கு என்ன அவசரம்?"

"உனக்குப் பல்லைத் தவிர என்ன தெரியும்?"

மறுநாள் அவள் லேபில் ஒரு வாரம் லீவு சொல்லி வைத்தாள்.

விமானம் இறங்கிய இடத்தில் வரிசை நீளமாக இருந்தது. மேதை வரிசையில் நிற்கிறவர்களை எல்லாம் ஏற இறங்கப் பார்த்தான். முன்னால் ஒரு குடும்பம் கைக்குழந்தையும் மூட்டையுமாக நின்றது. "இவங்களால நமக்கும் லேட்டு" என்று முணுமுணுத்தான்.

இவர்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் அதிகாரி. முகத்தில் கடுமை ஒன்றும் இல்லை, தூக்கம்தான் இருந்தது.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"சுத்திப் பாக்க."

"இங்க யாரையாவது பாப்பீங்களா?"

"ஒரு கம்பெனி முதலாளி. பழக்கமானவர்."

"அவரோட மீட்டிங்கா?"

"ஆமா, மீட்டிங்தான்."

"சரி, அதுல தப்பில்ல. பேசுவீங்க, கிளம்பிடுவீங்க. மத்த வேலையெல்லாம் அங்க இருக்கறவங்களே பாத்துப்பாங்க, இல்லையா?"

அந்தப் பெண் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரு "ஆமா" போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். பக்கத்தில் நின்ற அவளுக்குப் புருஷன் மூச்சை இழுப்பது கேட்டது. சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை கேட்ட மூச்சுதான்.

"அவங்களா?" என்று சிரித்தான் மேதை. "அவங்களுக்கு சுவிட்ச் போடக்கூடத் தெரியாது மேடம். நான் கை வெக்காம அங்க ஒரு லாரி நகராது. புதுக் கருவி எல்லாம் வந்து சும்மா கிடக்கு. எனக்காகத்தான் வெயிட் பண்றாங்க."

அதிகாரியின் தூக்கம் கலைந்துவிட்டது. முத்திரையைக் கீழே வைத்தாள்.

"அப்படியா? கருவியெல்லாம் நீங்கதான் பொருத்தப் போறீங்களா?"

"வேற யாரு?"

"எத்தன நாள் வேலை இருக்கும்?"

"மத்தவங்களுக்கு மாசக்கணக்கா ஆகும். எனக்கு ஒரு வாரம்."

அவன் நிமிர்ந்து நின்றான். எதிரில் இருப்பவள் மாலையைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ. அவள் போனைத்தான் எடுத்தாள்.

சின்ன அறை. சுவரோடு திருகி வைத்த நாற்காலிகள், தண்ணீர் பிடிக்கிற ஒரு மெஷின், ஜன்னல் கிடையாது. வேறொரு அதிகாரி வந்து அதே கேள்விகளைக் கேட்டான். இப்போது மேதைக்குக் கொஞ்சம் உறைத்தது. சும்மா பேச்சுக்குச் சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இழுத்தான். கம்பெனி பெயரைக் கேட்டதும் சொல்லிவிட்டான். முதலாளி பெயரை எழுத்துக்கூட்டியே சொன்னான்.

அந்த அதிகாரி அவள் பக்கம் திரும்பினான். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஊரைப் பாக்க. லேபுல லீவு போட்டுட்டு வந்தேன்."

"இவரு வேலைக்குத்தான் வந்திருக்காரா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே ஏதோ ஜாடை காட்டினான்.

"அதை அவரே சொல்லிட்டாரே" என்றாள்.

கடைசியில் அந்தப் பெண் அதிகாரி உள்ளே வந்து முடிவைச் சொன்னாள். அவன் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டும். இனி வருவதானால் பர்மிட்டோடு வரலாம். "மேடம், உங்ககிட்ட எங்களுக்குக் கேள்வி இல்ல. தங்க இடம் இருக்கு, திரும்ப டிக்கெட் இருக்கு. நீங்க போகணும்னா போலாம்."

"அவ எதுக்குப் போறா? என் கூடத்தான் வருவா" என்றான் மேதை, அவள் பக்கம் திரும்பாமலே. அதிகாரி வெளியே போனதும் பல்லைக் கடித்தான். "எல்லாம் உன்னாலதான். கிளம்பும்போதே பர்மிட், பர்மிட்னு அபசகுனமா பேசின. இங்க வந்து, அவரே சொல்லிட்டாரேங்கற. ஒரு பொய் சொல்லத் துப்பு இருக்கா உனக்கு?"

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. எத்தனை முறை இழைத்தாலும் வாயில் உட்காராத சில பல்செட் உண்டு. ஒரு கட்டத்தில் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுக் கையைக் கழுவத் தோன்றும். அப்படித்தான் இருந்தது.

எழுந்து தன் பெட்டியின் பிடியை இழுத்தாள். கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவன் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"நான் போயிட்டு வர்றேங்க."

"எங்க?"

"வெளிய."

"தனியாவா? உனக்கு இந்த ஊர்ல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் பாக்கணும்."

அவன் வாய் திறந்தபடியே இருந்தது. கடைவாயில் ஒன்று சொத்தை, அவள் எப்போதோ சொன்னதுதான், கேட்டால்தானே. பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தாள்.

வெளியே முதலாளி காத்திருந்தான். கையில் அட்டை. அதில் மேதையின் பெயர், அதுவும் தப்பாக. இத்தனை வருஷம் வேலை வாங்கிய ஆளின் பெயர். அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. மேதை இல்லாமல் நகராத லாரிகளின் சொந்தக்காரன் லட்சணம் இது. கிட்டே போய், அவர் பொண்டாட்டி என்றாள்.

"அவர் எங்க?"

"திருப்பி அனுப்பறாங்க."

"அடக் கடவுளே!" தலையில் கை வைத்தான். உடனே கையை இறக்கினான். "லாப்டாப்பையாவது உங்ககிட்ட குடுத்து அனுப்பினாரா?"

ஒருத்தன் உள்ளே ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் எப்படி இருக்கிறான் என்று இவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவனுக்காகவா அந்த இஸ்திரிச் சட்டை?

"இல்ல."

"என் பேரை எங்கயும் சொல்லிடலையே?"

"சொன்னாரு. எழுத்துக்கூட்டிச் சொன்னாரு. நீங்க அட்டையில எழுதின மாதிரி இல்ல, சரியாச் சொன்னாரு."

முதலாளி அட்டையை நாலாக மடித்துக் குப்பைத்தொட்டியில் திணித்தான். அவசர வேலை இருக்கிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டே நடையைக் கட்டினான். உங்களை எங்கேயாவது இறக்கிவிடட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கு ஏற மனசில்லை.

பஸ் எங்கே நிற்கும் என்று துடைப்பத்தோடு நின்றவரிடம் கேட்டு ஏறினாள். ஒரு வாரமும் கால் வலிக்க நடந்தாள். ஆற்றங்கரை பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு நாள் வழி தவறி, யார் யாரையோ கேட்டு, தானே திரும்பி வந்தாள். யாரும் அவளிடம் லாரியைப் பற்றிப் பேசவில்லை.

மேதை தினமும் போன் பண்ணினான். "யாராவது கேட்டா ஊரு பிடிக்கல, திரும்பி வந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு."

"நான் சொல்ல மாட்டேங்க. எனக்குப் பிடிச்சிருக்கு."

கருவிகளை அந்த ஊர் ஆள் ஒருவனே பொருத்திக் கொடுத்துவிட்டான். லாரிகள் ஓடின. முதலாளி கொஞ்ச நாள் பயந்து பதுங்கியிருந்துவிட்டு, சின்னச் சின்ன வேலையாக மறுபடி அனுப்ப ஆரம்பித்தான். மேதையும் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். திறமைக்கு மரியாதை தெரியாத தேசம் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அந்த நாட்டைத் திட்டினான். அவள் கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. அடுத்த லீவு எப்போது என்று லேபில் கேட்டு, அண்ணன் கடைக்குப் போனாள்.

"எங்கம்மா போறீங்க இந்தத் தடவ?" என்றான் அண்ணன், கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பியபடி.

"போறீங்க இல்லண்ணா, போறேன். கடல் இருக்கற ஊரா ஒண்ணு பாரு."