உட்காரும் பிள்ளை

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மன்சூர் மனுவை மறுபடியும் படித்துப் பார்த்தான். தீபா டீச்சர் வேண்டுமென்றே டாக்டரிடம் ஏதோ சொல்லி அவன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு லாயக்கில்லை என்று ஆக்கிவிட்டார் என்பதுதான் அதில் இருந்த விஷயம். அவன் மனைவி உம்மு சல்மா அந்தத் தாளின் பக்கம் திரும்பவில்லை. ஏழு வயது ஷப்னம் அவள் கையைப் பிடித்துத் தொங்கிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம புள்ளைன்னா அந்தம்மாவுக்கு இளக்காரம்," என்றான் மன்சூர். "வேலைய விட்டுத் தூக்காம ஓயமாட்டேன்."

தீபா அரசாங்கத்தின் சிறப்பாசிரியை. பேகம்பூரில் அவர்கள் வீடு தேடி வந்து, பேச்சு வராத பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு படிக்கலாம் என்று முதலில் சொன்னவளே அவள்தான். அதை நம்பித்தான் சல்மா பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை ஷப்னத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உட்காருவாளா? உட்கார்ந்தா சேத்துக்குறேன்."

ஷப்னம் சாப்பிடும்போதுகூட உட்காரமாட்டாள்.

அதனால், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் வந்து பார்த்துச் சொல்லும் முகாமன்று காலையில் சல்மா சளி மருந்தை எடுத்தாள். ஷப்னத்துக்குச் சளி இல்லை. குடித்தால் சொக்கிப்போவாள் என்பது தெரியும். ஒரு மூடி கொடுத்தாள். போதாதோ என்று இன்னொரு மூடி.

ஷப்னம் உட்கார்ந்தாள். டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. பந்தை உருட்டிவிட்டார், அது அவள் காலில் பட்டு நின்றது. வாயோரம் எச்சில் வழிந்தது. தீபா குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா, நேத்து என்னைய அந்த ஓட்டம் ஓடவிட்டா. மேலுக்கு முடியலையா?"

"ராத்திரி தூங்கல," என்றாள் சல்மா.

பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும், வாரம் ஒருநாள் ஆசிரியர் போய்ச் சொல்லிக்கொடுப்பார் என்று டாக்டர் முடிவு செய்தார். இன்னொரு நாள் பார்க்கலாமே சார் என்று தீபா மன்றாடினாள். மன்சூர் அதைப் பார்க்கவில்லை. பிரியாணிக் கடை அடுப்படியில் இருந்தான்.

வரிசை நகர்ந்தது.

"ஏங்க, அந்த மனுவக் குடுக்க வேணாம்."

"ஏன்?"

"நான்தான் மருந்து குடுத்துக் கூட்டிப் போனேன். சளி மருந்து. செத்த நேரம் உட்காரட்டுமேன்னு."

மன்சூர் மகளைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"உட்கார வச்சுட்டேல்ல," என்றான்.

முன்னால் இடம் காலியாகியிருந்தது. பின்னால் பட்டா கேட்டு நின்ற பெரியவர் பொறுமை இழந்தார். "அப்பு, நகருங்க. புருசன் பொண்டாட்டி வழக்குக்கு அடுத்த திங்கக்கிழமை தனியா மனு குடுங்க."

மன்சூர் மனுவைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம் சல்மாதான் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி நம்பரை வாங்கித் தீபாவுக்குப் போன் போட்டு, விவரத்தைச் சொல்லி, போனைச் சல்மாவிடம் நீட்டினார்.

"எனக்கு அன்னைக்கே மனசு ஒப்பல," என்றாள் தீபா. "நீங்க சொன்னத நம்புனேன்."

சல்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வியாழக்கிழமை திரும்பப் பாக்கச் சொல்றேன். எதுவும் குடுக்காமக் கூட்டிட்டு வாங்க."

"பாத்தாலும் பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டாங்களே டீச்சர். உட்கார்ந்தாத்தான் சேப்போம்னாங்க."

"யாரு சொன்னா?"

சல்மா சொன்னாள்.

"அப்படிக் கேக்கவே கூடாதுக்கா. உட்காராத புள்ளைக்கும் அங்க இடம் குடுத்தாகணும். சட்டம் இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா…"

தீபா முடிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

ஷப்னம் கையை உதறிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓடினாள். மன்சூர் அவள் பின்னால் ஓடினான். சல்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.