மெனிக்கே கேட்ட முடிவு

பொன்னையாவைக் கேட்டால், நல்ல படத்தில் நல்லவன் சாக வேண்டும். சண்டையில் செத்தால் அது சேர்த்தியில்லை. வீட்டுக்குள், சோற்றுத் தட்டுக்கு முன்னால், யாரும் நினையாத நேரத்தில் சாக வேண்டும். அப்படிச் செத்தால்தான் அதைப் படம் என்று ஒப்புக்கொள்வார். சிரிப்புக் காட்சி வந்தால் பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார். பாட்டு வந்தால் வயரைச் சரிபார்ப்பார்.

இவ்வளவு பேசுகிறவர் தன் டீவிப் பெட்டியில் ஒரு படத்தையும் முடிவுவரை பார்த்ததில்லை.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் கரண்ட் கிடையாது. மாற்றலாகிப் போன கிளாக்கர் விட்டுச்சென்ற கறுப்பு வெள்ளை டீவி, கார் பெட்டரியில் ஓடியது. பெட்டரியைச் சாக்கில் கட்டிப் பசறைக்குக் கொண்டுபோய், தாஸிம் முதலாளியின் கடையில் சார்ஜ் பண்ணிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தாலும் படம் முடிவதற்குள் இறங்கிவிடும். முதலில் நாலு ஓரமும் கறுக்கும். பிறகு படம் நடுவே சுருங்கும். கதாநாயகி தீப்பெட்டி அளவாகி மறைவாள். அவள் அழும் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். அதுவும் நிற்கும்.

அதற்குமேல் முடிவைச் சொல்வது பொன்னையாவின் வேலை. லயத்தில் அது வழக்கமாகிவிட்டது.

செய்திக்கு மட்டும் அவர் பெட்டியைப் போடவே மாட்டார். செய்தி பெட்டரியைத் தின்னும் என்பார். படம் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் சுவிட்சில் கை வைப்பார்.

ஓடைக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கு லயத்தில் நாடு என்று பெயர். தமிழ்ப் படம் வரும் நாளில் நாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். டோர்ச் வெளிச்சங்கள் ஓடைப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வரும். முன்னால் வருகிறவள் டிங்கிரி மெனிக்கே. கையில் ஈரப்பலாக்காய் இருக்கும். ஐம்பதைத் தாண்டியவள், தோட்டத்தில் கொழுந்து எடுத்துத் தமிழ் பழகியவள். பெட்டிக்கு நேர் முன்னால் விரித்திருக்கும் சாக்கு அவளுடையது. அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. அவளுடைய மகன் முதியான்சே சண்டைக் காட்சிக்காக வருவான். உள்ளே வரமாட்டான். வெளித் திண்ணையான இஸ்தோப்பில் நின்றபடியே பார்ப்பான்.

மெனிக்கேக்கு எல்லாரும் பிழைக்க வேண்டும். படம் அணைந்ததும், பிழைத்தார்களா என்று கேட்பாள். பொன்னையா கொன்றுவிடுவார். உனக்கு நெஞ்சில் ஈரமில்லை, தேயிலை வேர்தான் இருக்கிறது என்று அவள் வைவாள். லயம் சிரிக்கும்.

போன தடவை ஒரு படி கூடிப்போனது. ஒரு தாயும் மகனும் குடிசையில் பதுங்கியிருக்கும்போது படம் சுருங்கிவிட்டது. பொன்னையா குடிசைக்குத் தீ வைத்தார். தாயை வெளியே விட்டு மகனை உள்ளே நிறுத்தினார். மெனிக்கே வையவில்லை. சாக்கை உதறிப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

முதியான்சே மட்டும் இஸ்தோப்பில் நின்றான்.

"ஒங்க கதையெல்லாம் தீயிலதான் முடியுமா, பொன்னையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

அடுத்த படம் ஆடி மாதம் வந்தது. கொழும்பில் கரச்சல், தமிழ் ஆட்களை அடிக்கிறார்கள் என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேச்சாக இருந்தது. கொழும்பு தூரம். பதுளையிலும் தமிழ் ஆட்களின் கடைகள் எரிவதாக ஒரு லொறிக்காரன் சொன்னான். லொறிக்காரன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது பொன்னையாவின் எண்ணம்.

பெட்டரியை எடுக்கப் பசறைக்குப் போனார். தாஸிமின் கடையில் ஒரு பலகை மட்டும் திறந்திருந்தது. அந்தச் சந்து வழியாகவே முதலாளி பெட்டரியை நீட்டினார்.

"பொன்னையா, இந்தக் கெழம படம் போட வாணாம்."

ஏன் என்று பொன்னையா கேட்டார். தாஸிம் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வெளிச்சம் தூரத்துக்குத் தெரியும். ஊட்டுக்குப் போய் செய்தியக் கேளுங்கொ."

செய்தி பெட்டரியைத் தின்னும் என்றார் பொன்னையா. மற்ற நாளென்றால் தாஸிம் இதற்கு ஒரு கிண்டல் வைத்திருப்பார். இன்று பலகையை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினார்.

பஸ் இல்லை. பொன்னையா பெட்டரியைத் தோளில் வைத்து நடந்தார். ரோட்டில் எதிரே ஒருவரும் வரவில்லை. பதுளைப் பக்கத்து மலைக்கு மேல் புகை நின்றது. சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தார். ஒரு வளைவு கழிந்ததும் புகை கூடியிருந்தது. அவர் தோளை மாற்றிக்கொண்டு நடந்தார்.

லயத்தில் அவர்களுடைய அறையான காம்பராவில் அவர் மனைவி அங்கம்மா மூட்டை கட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் மகள் செல்லாயி படுத்திருந்தாள். பிள்ளை பெற்று இன்னும் தலைக்குத் தண்ணீர் ஊற்றாத உடம்பு. பிள்ளை துணிக்குள் ஒரு கைப்பிடியாய்க் கிடந்தது.

மலைக்கு மேலே ஆள் உயரத்துக்கு மானாப்புல் வளர்ந்த காடு இருந்தது. லயத்து ஆட்கள் எல்லாரோடும் அங்கே ஏறிவிடலாம் என்றாள் அங்கம்மா. பச்சைப்பிள்ளை பனியில் விறைத்துச் சாகும் என்றார் பொன்னையா. நாட்டுக்காரர்கள் இருக்கும்போது நமக்கு என்ன வரும்? அவர்கள் இன்றைக்கும் படம் பார்க்க வருவார்கள், பார்.

"வந்தா மூட்டைய அவுக்கிறேன்," என்றாள் அங்கம்மா.

இருட்டுகிற நேரம், செய்தியை மட்டும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டாள். பொன்னையா சுவிட்சைத் தொடவில்லை.

படம் தொடங்கியது. லயத்து ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். மெனிக்கேயின் சாக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்தது. யாரும் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை. கழுத்துகள் வாசல் பக்கமே திரும்பின. ஓடைப் பாதையில் ஒரு வெளிச்சம்கூட இல்லை.

போன தடவை சொன்ன முடிவுக்குக் கோபம், அவ்வளவுதான் என்றார் பொன்னையா. கீழே நாட்டுக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார். கேட்டால் வந்துவிடுவார்கள்.

மெனிக்கே வந்தாள். தனியாக வந்தாள். கையில் டோர்ச் இல்லை, பலாக்காய் இல்லை.

பார்த்தாயா என்று பொன்னையா அங்கம்மா பக்கம் திரும்பினார். அவள் மூட்டையை அவிழ்க்கவில்லை.

மெனிக்கே தன் சாக்கில் உட்கார்ந்தாள். வெற்றிலைப் பையைத் திறக்கவில்லை. திரையில் ஒரு குடும்பம் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தது. படம் பாதிகூட ஆகவில்லை.

"முடிவச் சொல்லு," என்றாள்.

பெட்டரி இன்னும் இருக்கிறது என்றார் பொன்னையா.

"இப்ப சொல்லு."

அவள் மனதைக் குளிர வைக்க நினைத்தார். எல்லாரும் பிழைத்துவிடுகிறார்கள், மகளுக்குக் கல்யாணம் நடக்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு முடிவை லயம் கேட்டதில்லை.

"எப்பிடிப் பொழச்சாங்க?"

பொன்னையா அவளைப் பார்த்தார். சேலை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது. ஓடைக்குப் பாலம் உண்டு. பாதையில் வருகிறவளுக்குக் கால் நனையாது.

"வீட்ட விட்டுப் போயிட்டாங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "மேல. காட்டுக்கு."

"எப்ப?"

அங்கம்மா சொன்னாள்.

"அவங்க வர்றதுக்கு முந்தி."

மெனிக்கே தலையாட்டினாள். திரையைப் பார்த்தபடியே பேசினாள். லொறியில் வெளியாட்கள் வந்திருக்கிறார்கள். நாட்டு ஆட்களும் சிலர் சேர்ந்து பாலத்தில் நிற்கிறார்கள். படம் முடிந்து லயம் படுத்த பிறகு வருவதாகப் பேச்சு. படச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வரமாட்டார்கள்.

"என் மகனும் நிக்கிறான்," என்றாள். "பெட்டிய நிறுத்தாத."

யாரும் கூச்சல் போடவில்லை. பிள்ளைகளின் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டார்கள். பின்பக்கமாக, ஒவ்வொரு காம்பராவாக லயம் காலியானது. செல்லாயியை இரண்டு பெண்கள் தாங்கிப் போனார்கள். பிள்ளையை அங்கம்மா மார்போடு கட்டிக்கொண்டாள்.

பொன்னையா கடைசியாக நின்றார். பெட்டரி எவ்வளவு தாங்கும் என்று மெனிக்கே கேட்டாள். முடிவுவரை தாங்காது என்றார்.

"நீயும் வா, மெனிக்கே."

"நான் படம் பாக்க வந்தவ," என்றாள். "நீ போ."

கொழுந்து மலை வழியாக ஏறினார்கள். தேயிலைச் செடிகள் பனியில் நனைந்திருந்தன. பின்னால் படத்தின் சத்தம் தொடர்ந்து வந்தது. ஒரு பாட்டு வந்தது. வயரைச் சரிபார்க்க ஆளில்லை என்று அவருக்குத் தோன்றியது. பாட்டு முடிந்து யாரோ யாரையோ அடித்தார்கள். ஒருத்தி கெஞ்சினாள்.

மானாப்புல்லுக்குள் உட்கார்ந்து கீழே பார்த்தார்கள். லயத்தில் ஒரே ஒரு வாசல் நீலமாகத் தெரிந்தது. தாஸிம் சொன்னது சரி. அது மலை முழுவதற்கும் தெரிந்தது.

பிள்ளை சிணுங்கியது. செல்லாயி மாரைக் கொடுத்தாள்.

வாசல் மங்கத் தொடங்கியது. இப்போது ஓரங்கள் கறுத்திருக்கும் என்று பொன்னையாவுக்குத் தெரியும். இப்போது சுருங்கியிருக்கும். அதன் முன்னால் மெனிக்கே இருப்பாள். பிறகு அந்த நீலமும் போனது. இருட்டில் ஒரு பெண்ணின் குரல் மட்டும் கொஞ்ச நேரம் அழுதது. அதுவும் நின்றது.

ஓடைத் தண்ணீர் இவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

ஓடைப் பாதையில் ஒரு டோர்ச் எரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. படம் பார்க்க வருவதுபோலவே ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. ஆனால் நிறைய இருந்தன.

முதியான்சே முன்னால் வந்தால் தாயை முதலில் அவன்தான் பார்ப்பான். பின்னால் வந்தால், உள்ளே இருப்பது யாரென்று மற்றவர்கள் பார்ப்பார்களா? பொன்னையா அதற்குமேல் யோசித்துப் பார்த்தார். எந்தப் படத்துக்கும் நொடியில் வருகிற முடிவு, வரவில்லை.

அங்கம்மா அவர் கையைப் பிடித்தாள்.

முதல் வெளிச்சம் இஸ்தோப்பில் ஏறியது.