பேர் ஒட்டிய குப்பிகள்

செல்லப்பா டாக்டர் யாரையும் ஊசி போடாமல் அனுப்பியதில்லை. தும்மினாலும் ஸ்ட்ரெப்டோமைசின்தான். மதுரையிலிருந்து வரும் மருந்து மாதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். சங்கரன்கோவிலின் அந்தத் தர்ம ஆஸ்பத்திரியை நம்பியிருந்த காசநோய்க்காரர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். காசத்துக்கு மட்டும்தான் அந்த மருந்து என்று பெரிய டாக்டர் சுந்தரம்மாள் சுற்றறிக்கை அனுப்பினார். செல்லப்பா அதை மடித்து, ஆடிய மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

அதன்பின் சுந்தரம்மாள் ஒவ்வொரு குப்பியிலும் பிளாஸ்திரி ஒட்டி, அதற்குரிய நோயாளியின் பெயரை எழுதி வைத்தார். வேறு யாருக்காவது போட வேண்டுமென்றால், யாருடைய குப்பியை எடுப்பது என்று சீட்டு எழுதும் டாக்டரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"இது ஆஸ்பத்திரியா, ரேஷன் கடையா?" என்றார் செல்லப்பா.

"ரேஷன் கடைய உங்ககிட்ட விட்டா ஊரே பட்டினிதான், டாக்டர்," என்றார் சுந்தரம்மாள்.

அன்றிலிருந்து எந்தக் காசநோய்க்காரர் பெயரைச் சொல்லவும் செல்லப்பாவுக்கு வாய் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரை எழுதினார்.

தறிக்கொட்டகை முதலாளி பெருமாள்சாமி ஜலதோஷத்தோடு வந்த அன்று, வராந்தாவில் அவருடைய தறிக்காரன் பிச்சையா, தன் மனைவி முருகம்மாளோடு உட்கார்ந்திருந்தான். முதலாளியைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் நகர்ந்தான். டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் தினமும் ஊசிக்கு வருவான். காசம் என்று தெரிந்தால் வேலை போய்விடும்.

"மாத்திரைய யாருக்குவே நீட்டுதீரு? இந்த ஆஸ்பத்திரி கட்டிலெல்லாம் யாரு வாங்கிக் குடுத்தது? ஊசியப் போடும்," என்று பெருமாள்சாமி செல்லப்பாவிடம் எகிறினார்.

செல்லப்பா சீட்டை எழுதி நர்ஸ் ஷரீபா பீவியிடம் நீட்டினார்.

"எல்லாம் டி.பி.க்காரங்க பேருல இருக்கு. யாருதை எடுக்க, டாக்டர்?"

செல்லப்பா தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். அடுத்த அறையிலிருந்த சுந்தரம்மாளுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்: "பிச்சையா, மேலநீலிதநல்லூர்! போதுமா?"

தூணுக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. பெருமாள்சாமி திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, நீயா? டி.பி.ய வச்சுக்கிட்டா என் கொட்டகையில மூச்சு விட்டே?" துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "நாளைக்குத் தறிப்பக்கம் வந்தே, கால ஒடிச்சிருவேன்."

ஊசி போட்டுக்கொள்ளாமலே படியிறங்கிப் போனார்.

சுந்தரம்மாள் வெளியே வந்தார். செல்லப்பா குப்பியை அவர் கையில் வைத்தார். "உங்க சட்டம் ஜெயிச்சிட்டு. மருந்து மிச்சம்."

சுந்தரம்மாள் மருந்தை ஊசியில் ஏற்றினார். பிச்சையா எழுந்திருக்கவில்லை. முருகம்மாள்தான் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"போடுங்க. ரெண்டு டாக்டருமாச் சேந்து சோத்தப் பிடுங்கிட்டிய. ஊசியாவது மிஞ்சட்டும்."

ஊசி போட்டு முடிந்ததும், காலிக் குப்பியின் பிளாஸ்திரியை நகத்தால் கீறி உரித்தாள். பிறகு மற்ற குப்பிகள் இருந்த தட்டைப் பிடித்தாள்.

"விடும்மா. பேரக் கிழிச்சா நாளைக்கு உன் புருஷனுக்கு ஊசி இருக்காது," என்றார் சுந்தரம்மாள்.

"கிழிக்காட்டா, நாளைக்கு இந்த டாக்டரு எவன் பேரை ஏலம் போடுவாரு?"

சுந்தரம்மாள் தட்டை விடவில்லை. முருகம்மாளும் விடவில்லை. குப்பிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

செல்லப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.