பையின் இரண்டு வார்கள்

மழைக்காட்டில் பறவையைக் கண்ணால் தேட முடியாது. இலைகள் அவ்வளவு அடர்த்தி. முதலில் காது திசையைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பைனாகுலர். வயதானால் காது முதலில் இழப்பது மெல்லிய, கூரான ஒலிகளைத்தான். அதனால் வழிகாட்டியான எனக்கு மரங்கொத்தி தட்டுவது கேட்கும். கட்டைவிரல் அளவே இருக்கும் பூக்கொத்தியின் குரல் மூன்று வருடமாகக் கேட்பதில்லை. எங்கள் ஊருக்கு ஆட்கள் வருவதே அதைப் பார்க்கத்தான்.

"நான் திட்டுறது மட்டும் நல்லா கேக்குதாக்கும்!" என்றாள் மனைவி, இதை அவளிடம் சொன்னபோது.

இதைச் சமாளிக்க வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். டீ பிளாஸ்க்கோடு என் பின்னால் வருவாள். பறவை இடப்பக்கம் கூப்பிட்டால் என் முதுகுப்பையின் இடது வாரை இழுப்பாள். வலப்பக்கம் என்றால் வலது. நான் உடனே கையை நீட்டுவேன்.

போன வாரம் வந்தவர்கள் பூக்கொத்தியைப் பார்க்காமலே திரும்பினார்கள். இன்று பறவை பார்க்க வந்தவருக்கும் அதைக் காட்டாவிட்டால் வேறு வழிகாட்டியை வைத்துக்கொள்வதாக, எனக்கு வேலை தரும் விடுதிக்காரர் சொல்லியிருந்தார். மூன்று மணி நேரமாக நிற்கிறோம். வார் அசையவே இல்லை.

"ஒண்ணுமே கூப்பிடலையா?" என்று கிசுகிசுத்தேன்.

"இல்லைங்க. காடே அமைதியா இருக்கு."

வந்தவர் என் தோளைத் தொட்டார். "என்னங்க, அப்போலேர்ந்து விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. காட்ட மாட்டீங்களா?"

தலையைத் திருப்பினேன். மனைவி இரண்டு வார்களையும் இறுகப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான்.

"எந்தப் பக்கம் சார்?" என்று அவரிடமே கேட்டேன்.