அடுப்படியிலிருந்து வந்த அல்லாஹ்

ஹாத்திமுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். கூடத்தில் அவன் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஊத் என்னும் அரபுத் தந்தி வாத்தியம், வஜ்தி சாக்ஸபோன், இன்னும் இரண்டு பேர். அரபு ராகங்களையும் ஜாஸையும் ஒன்றாகப் பிசைந்து வாசிக்கும் குழு. பெய்ரூத்தில் அந்த வாசிப்புக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவனே ஹாத்திம்தான். வஜ்தி தன் முறைக்கு ஒரு சங்கதி வாசித்து, அதைப் பதமாக முடித்து, மூச்சு விட்டான். அந்த இடைவெளியில் அடுப்படியிலிருந்து ஹாத்திமின் மனைவி லமீஸின் குரல் வந்தது.

"அல்லாஹ்...!"

அரபு நாட்டில் சங்கீதம் கேட்டுச் சொக்கினால் வரும் சொல் இது, கைதட்டலோடு சேர்க்கக் கூடாது. கைதட்டுவது மரியாதைக்கு. இது கேட்கிறவர் வாயிலிருந்து தானாகப் பிய்த்துக்கொண்டு வருவது. லமீஸ் அலெப்போக்காரி, அவள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போதே சங்கீதம் கேட்கும் காதையும் வளர்த்துவிடுவார்கள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் கட்டின புருஷனுக்கு அவள் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவன் வாசித்தால் காபி கொண்டுவந்து வைப்பாள், அவ்வளவுதான். நேற்று வந்த வஜ்திக்கு, அதுவும் சுரைப்பிஞ்சுக்குள் அரிசியும் கறியும் அடைத்துக்கொண்டே, அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

"என்ன, இன்னைக்கு உள்ளேயிருந்து சத்தமெல்லாம் பலமா வந்துச்சு?" என்றான் சாப்பிடும்போது.

"என்ன சத்தம்?"

"அல்லாஹ்னு கத்தினியே."

"கத்தினேனா? வந்திருக்கும். அந்தத் தயிரை இப்படித் தள்ளு."

சொன்னதே அவளுக்கு நினைவில்லை! அதுதான் அவனுக்கு ஆறவே இல்லை. அன்றிலிருந்து வஜ்தி சிரித்தால் எரிச்சல், வாசலில் செருப்பைக் கழற்றினால் எரிச்சல். இத்தனைக்கும் வஜ்தி தங்கமான மனுஷன், வரும்போதெல்லாம் பக்லாவா இனிப்பு வாங்கிவருவான். அதையும் ஹாத்திம் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைக் கச்சேரிக்கு அரை மணி முன்னால், மேடைக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்தான்.

"வஜ்தி, மூணாவது பாட்டை பயாத்தி ராகத்துல வாசிக்கிறோம்."

வஜ்தி கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தான். "உஸ்தாத், ஒத்திகையில அப்படி இல்லையே!"

"ஜாஸ்காரன்தானே நீ? மேடையில வர்றதை வாசிக்க வேண்டியதுதான்."

"அந்த ரெண்டாவது சுரத்துக்கு என் சாக்ஸபோன்ல சாவியே கிடையாதே."

"தேடிப் பாரு, கிடைக்கும்."

பயாத்தி ராகத்துக்கு உயிரே அந்த இரண்டாவது சுரம்தான். பியானோவின் கறுப்புக் கட்டையிலும் இல்லை, வெள்ளைக் கட்டையிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஊத்தில் விரல் வழுக்கி அங்கே போய் உட்கார்ந்துவிடும். சாக்ஸபோனில் உதட்டை நெளித்துத்தான் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் நாராசம். முதல் வரிசையில் லமீஸ் இருப்பாள், அவள் காதுக்கு அது தப்பாது. ஹாத்திம் கணக்காகத்தான் செய்தான், கூச்சநாச்சம் ஒன்றும் படவில்லை.

மூன்றாவது பாட்டு வந்தது. வஜ்தி அந்தச் சுரத்தைத் தொட்டான், மேலே போய்விட்டது. முன்வரிசையில் யாரோ முகத்தைச் சுளித்தார். மறுபடி தொட்டான், இறங்கிவிட்டது. ஹாத்திம் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டான். வஜ்தி அசரவில்லை. ஓட்டம், ஜாலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒற்றைச் சுரத்தையே பிடித்து மெல்ல மெல்ல இழுத்தான். உதட்டை இன்னும் கொஞ்சம் நெளித்தான். சுரம் கீழிருந்து ஏறி, தன் இடத்தில் வந்து நின்றது. அங்கிருந்து நிதானமாக இறங்கி முடித்தான்.

அரங்கமே மூச்சைப் பிடித்திருந்த அந்த நொடியில், "அல்லாஹ்!" என்று ஒலிபெருக்கி அதிர்ந்தது.

கத்தியவன் ஹாத்திம்.

சனம் சிரித்துக் கைதட்டியது. அடுத்து அவன் முறை. வஜ்தி விட்ட இடத்திலிருந்து எடுத்து வாசித்தான். எப்படி வாசித்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் கார்கள் நகரவே இல்லை. கோடைக்கால வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

"அவனை மாட்டிவிடத்தானே ராகத்தை மாத்தினே?" என்றாள் லமீஸ்.

பொய் சொல்ல நினைத்தான், வரவில்லை. "ஆமா."

"வெக்கமா இல்லை உனக்கு?"

"இப்ப இருக்கு. ஆனா பதினொரு வருஷமா எனக்கு ஒரு தடவை சொன்னியா நீ? அவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

லமீஸ் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"ஒவ்வொரு தடவையும் முடிக்கிற இடத்துல தலையைத் தூக்கி என் மூஞ்சியைப் பார்ப்பே. பரீட்சை எழுதிட்டு மார்க்கு கேக்கிற மாதிரி. எனக்குத் தொண்டையிலேயே நின்னுடும். இன்னைக்குத்தான் நீ பார்க்கலை."

"அப்போ...?"

"சொன்னேன். எழுந்தே நின்னுட்டேன்."

"எப்போ? எனக்குக் கேக்கலையே!"

"நீ எங்க இந்த உலகத்துல இருந்தே?"

"லமீஸ், இன்னொரு தடவை சொல்லேன்."

"போ ஹாத்திம்! கேட்டா வருமா அது?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். முன்னே வழி கிடைத்திருந்தது, அவன் வண்டியை நகர்த்தவில்லை. வஜ்தி மேல் இருந்த பொறாமை போய்விட்டதா என்று உள்ளே தேடிப் பார்த்தான். கொஞ்சம் இருந்தது. அதோடு இப்போது, அவள் சொன்னதை அரங்கத்தில் காதாரக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த முந்நூறு பேர் மேலும் பொறாமை வந்தது.