கருப்பம்மாவின் வயிற்றில் நின்ற கங்காணி

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பிழையான வரியிலிருந்து வந்தது. 1998இல் இலங்கையின் ஊவா மாகாணத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் நான் தாதி. யோகமலர் என்று பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். அந்த வரியை ஒரு நோயாளியின் பதிவேட்டில் எழுதினேன்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: நமுனுகுல மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்—

(அடித்துவிட்டேன். அன்று பனி இருந்ததா என்று தெரியாது. எங்கள் ஜன்னலிலிருந்து மலையும் தெரியாது.)

2

கருப்பம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். செத்துப்போன கங்காணி தன்னைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று, ஆளில்லாத மலைக்குக் கூடையோடு ஓடிக்கொண்டிருந்தாள். அதனால்தான் கூட்டிவந்திருந்தார்கள். மாத்திரையில் அந்தக் குரல் தணிந்தது. மூன்றாவது வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மிஸ்ஸி, கங்காணி வயித்துக்குள்ள எறங்கிட்டாரு. நின்னு மிதிக்கிறாரு."

நான் எழுதினேன்: பழைய பிரமை திரும்பியிருக்கிறது.

* வயிற்றைத் தொட்டுப் பார்த்தேனா? இந்தக் கதையின் ஒரு பிரதியில் தொட்டதாக எழுதியிருக்கிறேன். அடுத்ததில் இல்லை. வாசித்தால் இரண்டும் உண்மை போலவே இருக்கின்றன.

வைத்தியர் என் வரியைப் படித்து மாத்திரையைக் கூட்டினார்.

3

கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமென்று வைத்தியரை முரடராக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. அவர் நல்லவர். என் எழுத்தை நம்பினார், அவ்வளவுதான்.

மாத்திரையைக் கூட்டிய மூன்றாம் நாள் அவள் புருஷன் தம்பையா, பதுளையில் பஸ் மாறி வந்தார். தின்னக் கொண்டுவந்த பாணை அவள் தொடவில்லை. கட்டிலருகே வெகுநேரம் நின்றுவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"கோளாறு வந்தா அவ ஓயாம பேசிக்கிட்டே இருப்பா மிஸ்ஸி. கங்காணியத் திட்டுவா. இப்ப வாயே தொறக்கல. இது வேற நோவுங்க."

நான் நோயைக் காரணம் காட்டி அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "இந்த வருத்தத்தில சிலவேளை..." 

அன்றும் அதை முடிக்கவில்லை. இங்கும் முடிக்க முடியவில்லை. திரும்பிப் போய்ப் போர்வையை விலக்கினேன். வயிறு உப்பிப் பலகையாய் இறுகியிருந்தது. கை பட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐந்து நாளாக மலம் போகவில்லை என்பதை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் கொடுத்த மாத்திரைகளே குடலை அப்படி முடக்கக்கூடியவை. படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.

ஓடிப்போய் வைத்தியரைக் கூட்டிவந்தேன்.

4

குடலடைப்பு. அன்றே அறுத்து, அழுகத் தொடங்கிய பகுதியை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சத்திரசிகிச்சை வார்டுக்குப் போனபோது அவள் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மனநல வார்டிலிருந்து வந்தவள், காயத்தைப் பிய்த்துவிடுவாள் என்று பயம். நான் பொறுப்பென்று சொல்லிக் கட்டை அவிழ்க்க வைத்தேன். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள் என்று அங்கிருந்த தாதிகளிடம் சொன்னேன். சொல்லிவிட்டுத் தொட்டால் அசையாமல் கிடந்தாள். என் வேலைநேரம் முடிந்ததும் தினமும் போய் இருந்தேன். வலி எப்படி என்று கேட்டேன்.

"வலி போயிருச்சு. கங்காணி காதுல இருக்காரு," என்றாள்.

இரண்டையும் பதிவேட்டில் எழுதினேன், தனித்தனி வரியில்.

(இந்தப் பகுதி என்னை நல்லவளாகக் காட்டுகிறது. வாசகரே, அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.)

5

அறுத்த ஒன்பதாம் நாள் அவள் என்னைக் கேட்டாள்.

"மிஸ்ஸி, மொதல்ல நான் சொன்னப்ப நம்புனீங்களா?"

கருப்பம்மா பிழைத்தாள். அடுத்த மாதம் தம்பையாவோடு தோட்டத்துக்குத் திரும்பினாள். அதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் என் பதிலில்தான். ஒரு பிரதியில் இல்லை என்கிறேன். ஒன்றில் நம்பினேன் என்று பொய் சொல்கிறேன். இன்னொன்றில் அவளுடைய பாஷை எனக்கு விளங்கவில்லை என்கிறேன். அது பொய்யா என்று இன்றுவரை தெரியவில்லை. ஏதோ சொன்னேன். சொன்னது நினைவில் இல்லை.

அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன்:

"                    "

உங்களுக்குச் சரியென்று படுவதை எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அடுத்து நடந்ததை மாற்றாதீர்கள். அவள் காயத்தைக் கையால் தாங்கியபடி மெல்ல நகர்ந்து, கட்டிலில் நான் உட்கார இடம் விட்டாள்.