துண்டுக்கடியில் ஒரு பேரம்

கூடலூரில் சூரியபிரகாஷைப் புதைத்து முடித்ததும், மரியாதைக்கு வானத்தை நோக்கிச் சுட்ட ஜவான்கள் குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கினார்கள். எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

அவன் அப்பா அம்மாவாசி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆகாசத்தச் சுடுறதுக்குக் குண்ட ஒடனே குடுத்துருக்காக," என்றார்.

சவப்பெட்டியோடு வடக்கிலிருந்து வந்தவன் நான். ஒரே ராணுவக் கிடங்கில் அவனுக்கும் எனக்கும் காவல் வேலை. அங்கே நிற்பவனுக்குத் துப்பாக்கி உண்டு, குண்டும் உண்டு. குண்டு மட்டும் இடுப்புப் பையில், நூல் சுற்றி அரக்கு முத்திரையோடு இருக்கும். காவல் தலைவர் சொன்னால்தான் உடைக்கலாம்; சொல்லாமல் உடைத்தால் விசாரணை. கடையைத் திறந்து வைத்துவிட்டு, கல்லாச் சாவியை முதலாளி வீட்டில் வைத்திருக்கிற ஏற்பாடு.

பட்டப்பகலில் வேலி தாண்டி வந்தவர்கள் அவனைச் சுட்டார்கள். பை முத்திரை அப்படியே இருந்தது.

'கடைசிக் குண்டுவரை போராடினார்' என்று எங்கள் அதிகாரி மைக்கில் பேசினார். விசாரணை முடியும்வரை நீ வாயைத் திறக்காதே என்று வழியிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்.

அம்மாவாசி மாமா மாட்டுத் தரகர். உத்தமபாளையத்தில் மாடு வாங்கி விற்கும் என் அத்தாவுக்கு நெடுநாள் பழக்கம். மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஹக்கீம் மாப்ள, எத்தன குண்டு சுட்டான்? வாயால வேணாம். கையக் குடு."

துண்டை எங்கள் கைகள்மேல் போட்டார். சந்தையில் விலையை அப்படித்தான் பேசுவார்கள், விரலைப் பிடித்து, மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல். துண்டுக்கடியில் பொய் சொன்னவனுக்கு மறுபடி யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

ஐந்து விரலையும் கொடுத்திருக்கலாம். கையை மூடினேன்.

என் ஒரு விரலைப் பிரித்து வெளியே இழுத்தார். ஒன்றாவது?

மடக்கினேன்.

மறுபடி இழுத்து, பாதியில் பிடித்தார். சந்தையில் அதற்கு அரை என்று பொருள். அரைக் குண்டு என்று ஒன்று கிடையாது. அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். பிறகு அதையும் மடக்கினேன்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்ன பேசுறீங்க?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மாட்டு விசயம் சார். படியல. அங்கன சோறு போடுறாக, சாப்புட்டுப் போங்க."